மதியச் சாப்பாட்டுக்கு முன் வெர்மூத்: பாஸ்க் நாட்டின் ஒரு பொழுது

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கிலுமாகப் பரவியிருக்கும் பாஸ்க் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக வெளியே வந்து வெர்மூத் அருந்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், சாப்பிடும் முன் குடித்தால் பசி கெட்டுவிடாதா, அது என்ன பானம், அதற்கு ஏன் அங்கே அவ்வளவு மதிப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பசியைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. அந்தப் பானம் பசியைக் கிளப்புவதற்கென்றே உருவானது. மேலும், அங்கே யாரும் அதை வெறுமனே குடிப்பதில்லை, கூடவே உப்பும் புளிப்பும் உள்ள ஏதாவது ஒரு சிறு தீனி வந்துவிடும். மதிப்பைப் பற்றிய கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெர்மூத் என்ற சொல்லை அவர்கள் ஒரு பானத்தின் பெயராக வழங்குவதைவிட ஒரு பொழுதின் பெயராகவே அதிகம் வழங்குகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை வெர்முவுக்குப் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னால் ('வெர்மு' என்பது வெர்மூத்தை அவர்கள் உச்சரிக்கும் விதம்), நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் இடையே வழக்கமான தெருவில் சந்திப்போம் என்று பொருள். அங்கே வந்து அவர் பீர் குடித்தாலும், திராட்சைச் சாறு குடித்தாலும், அவர் வந்தது வெர்முவுக்குத்தான்.

இந்தப் பொழுது விளங்க வேண்டுமானால் முதலில் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். காலையில் அவர்கள் உண்பது மிகக் குறைவு. ஒரு காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும் போதும். முற்பகலில் ஒரு சிறு தீனி உண்டு. அதற்கு 'ஹமாய்கெதாக்கோ' என்று பெயர். பாஸ்க் மொழியில் 'ஹமாய்கா' என்றால் பதினொன்று, ஆகவே பதினொரு மணிக்கானது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன் தொடங்குவதில்லை, ஞாயிறன்று மூன்று மணிகூட ஆகிவிடும். இது வெளியூர்க்காரர்களுக்கு மிகவும் தாமதமாகத் தோன்றினாலும் சூரியனைப் பார்த்தால் அவ்வளவு தாமதமில்லை. 1940 மார்ச்சில் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியது. பிறகு பின்னுக்குத் திரும்பவில்லை. பாஸ்க் நாட்டின் பெரிய நகரமான பில்பாவோ கிரீன்விச்சுக்கும் மேற்கே கிட்டத்தட்ட மூன்று பாகை தள்ளி இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது குளிர்காலத்தில் ஏறத்தாழ 1:12 மணிக்கு, கோடையிலோ 2:12 மணிக்கு. கோடையில் ஒரு மணிக்கு வெர்மூத் கோப்பையைக் கையில் எடுப்பவர், சூரியக் கணக்கில் இன்னும் முற்பகலில்தான் இருக்கிறார். காலையில் உண்டது கரைந்துபோய், உச்சிவேளைச் சாப்பாடு இன்னும் அடுப்பில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் வெர்மூத் வந்து அமர்ந்தது.

இனி பானத்துக்கு வருகிறேன். வெர்மூத் என்பது மூலிகைகளும் மணப்பொருள்களும் ஊறவைத்து, கொஞ்சம் சாராயமும் சர்க்கரையும் சேர்த்த ஒயின். இத்தாலியின் டூரின் நகரில் 1786இல் அந்தோனியோ பெனதெத்தோ கார்பானோ என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பானத்திலிருந்து இதன் இன்றைய வரலாறு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். 'வெர்முட்' என்பது ஒரு கசப்புச் செடிக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயர். அதுவே பானத்துக்கும் பெயராயிற்று. அந்தச் செடி ஆர்ட்டிமீசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நம் பெண்கள் தலையில் சூடும் மரிக்கொழுந்தும், சித்த மருத்துவத்தில் வழங்கும் மாசிபத்திரியும் அதே பேரினத்தின் செடிகள்தாம். மரிக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு வெர்மூத் கோப்பையிலிருந்து எழும் மணத்தின் ஒரு ஓரம் அந்நியமாக இராது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஆர்ட்டிமீசியா செடிகளின் சுவை இல்லாத எதையும் வெர்மூத் என்ற பெயரில் விற்க முடியாது. அதில் குறைந்தது 75 விழுக்காடு ஒயினாக இருக்க வேண்டும். ஆல்கஹால் அளவு 14.5 முதல் 22 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

பாஸ்க் நாட்டில் வெர்மூத் என்று மட்டும் சொன்னால் சிவப்பு வெர்மூத்தான் வரும். சிவப்பு என்பதால் அது சிவப்பு ஒயினிலிருந்து வந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வெள்ளை ஒயின்தான்; கருக்கிய சர்க்கரைப் பாகு கொடுக்கும் நிறம் அது. நாக்கில் முதலில் அந்தப் பாகின் இனிப்பும், பிறகு ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை, கிராம்பு போன்றவற்றின் மணமும், விழுங்கிய பின் தொண்டையின் ஓரத்தில் நெடுநேரம் நிற்கும் கசப்பும் தெரியும். அந்தக் கசப்புத்தான் இந்தப் பானத்தின் உயிர். நாக்கில் கசப்புப் பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது, வயிறு வேலைக்குத் தயாராகிறது. சாப்பாட்டுக்கு முந்தைய பானங்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'அபெரிதீவோ', 'அபெரிதிஃப்' போன்ற பெயர்கள் 'திறத்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வயிற்றைத் திறப்பது என்று கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பின் அருந்த அவர்களிடம் வேறு பானம் இருக்கிறது. காட்டு ப்ளம் வகைச் சிறு பழங்களைச் சோம்பு மணமுள்ள சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் 'பச்சரான்' அது. இரண்டையும் இடம் மாற்றிக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் உங்களைப் புதியவர் என்று உடனே தெரிந்துகொள்வார்கள்.

டூரினில் பிறந்த பானம் பாஸ்க் நாட்டை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவின் கரைக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டலோனியாவின் ரெயுஸ் நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஸ்பெயினின் வெர்மூத் தொழிலுக்கு மையமாயின. அங்கே 1884இல் தொடங்கிய இஸாகிரே நிறுவனத்தின் புட்டிகளை இன்றும் பாஸ்க் நாட்டின் பார்களில் காணலாம். கட்டலோனியப் பானத்தின் மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பெயர் ஒரு பாஸ்க் குடும்பப்பெயர் என்பது இந்த இடத்தில் சொல்ல வேண்டிய செய்தி. இன்னும் அருகில், பாஸ்க் நாட்டின் ஆராபா மாநிலத்தின் தெற்கு எல்லையில் எப்ரோ ஆற்றுக்கு அப்பால் உள்ள ஆரோ நகரில், 1895இல் ஒயின் நிறுவனமாகத் தொடங்கிய மார்த்தினெஸ் லாக்குவெஸ்தா 1937 முதல் வெர்மூத் செய்துவருகிறது. பில்பாவோவில் பெயர் சொல்லி வெர்மூத் கேட்பவர்களில் பலர் கேட்பது அதைத்தான். பாஸ்க் மண்ணிலேயே செய்ததுதான் வேண்டும் என்பவர்களுக்கு, 1831 முதல் அமுர்ரியோ ஊரில் இயங்கும் ஆச்சா வடிசாலையின் வெர்மூத் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் புட்டியின் ஊரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கவனமெல்லாம் அது எப்படிக் கலக்கப்படுகிறது என்பதில்தான்.

அந்தக் கலவைதான் 'மரியானித்தோ'. பில்பாவோவிலும், ஆராபாவின் தலைநகரான விட்டோரியாவிலும் இந்தப் பெயர் வழங்குகிறது. வேறு சில இடங்களில் 'தயார் செய்த வெர்மூத்' என்று கேட்பார்கள். பரபரப்பான ஞாயிறு நண்பகலில் ஒரு நல்ல பார்க்காரர் இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு கலக்கும் பாத்திரத்தில் பனிக்கட்டிகளைப் போடுகிறார். அதன் மேல் சிவப்பு வெர்மூத்தைத் தாராளமாகவும், ஜின்னைச் சிறு வீச்சாகவும், கம்பாரி என்ற சிவந்த கசப்பு மதுவை அதைவிடச் சிறு வீச்சாகவும் ஊற்றுகிறார். காகித உறை சுற்றிய சிறு புட்டியைக் கவிழ்த்து அங்கொஸ்துரா கசப்புச் சாற்றில் இரண்டு மூன்று சொட்டு விடுகிறார். சில விநாடிகள் கலக்கி, ஆரஞ்சுத் துண்டும் குச்சியில் குத்திய ஆலிவும் காத்திருக்கும் சிறிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுகிறார். அளவுகளை யாரும் எழுதிவைப்பதில்லை. ஜின் கொஞ்சம் கூடினால் வெர்மூத் செத்துவிடும், கம்பாரி கூடினால் கசப்பு முன்னே வந்து இனிப்பை அடித்துவிடும். ஆகவே எந்த பாரில் மரியானித்தோ நன்றாக இருக்கும் என்பது அந்த ஊரில் நெடுங்காலம் தீராத விவாதம். கோப்பை சிறியதாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இன்னும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அவற்றில் எதையும் உறுதியாகப் பற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

கோப்பைக்குப் பக்கத்தில் வரும் தீனிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வெர்மூத்துக்கு ஏற்ற துணை 'ஹில்டா'. ஒரு பல்குத்தும் குச்சியில் உப்பில் பதப்படுத்திய ஆஞ்சோவா மீனின் சதைத் துண்டு, காடியில் ஊறிய இரண்டு மூன்று நீண்ட பச்சை மிளகாய்கள், ஒரு பச்சை ஆலிவ் ஆகிய மூன்றையும் குத்தி, மேலே சில சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டால் ஹில்டா ஆயிற்று. சமையல் என்று இதில் எதுவும் இல்லை. டொனோஸ்டியா (ஸ்பானிய மொழியில் சான் செபாஸ்தியன்) நகரின் காசா வாயெஸ் என்ற பாரில் 1940களில் ஹோவாக்கின் அராம்புரு என்ற வாடிக்கையாளர், அங்கே தனித்தனியாகக் கொடுத்துவந்த இந்த மூன்றையும் ஒரே குச்சியில் குத்தித் தின்னத் தொடங்கினார் என்பது ஊரார் ஏற்றுக்கொண்ட வரலாறு. 1946இல் ரீட்டா ஹேவொர்த் நடித்து வெளிவந்த திரைப்படத்தின் நாயகி பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த நாயகியைப் போலவே இதுவும் பச்சையாக, உப்பாக, கொஞ்சம் காரமாக இருக்கிறது என்றார்களாம். ஸ்பானிய மொழியில் 'பச்சை' என்ற சொல்லுக்குச் சிருங்காரக் குறும்பு என்ற பொருளும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால், தணிக்கை கடுமையாக இருந்த அந்தக் காலத்தில் அந்தப் பெயருக்கு இருந்த துணிச்சல் விளங்கும்.

ஹில்டாவைக் கடித்துக் கடித்துத் தின்னக் கூடாது. குச்சியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் மிளகாயிலிருந்து காடி பீறிட்டு நாக்கின் இரு ஓரங்களையும் சுருக்கும். அடுத்து ஆஞ்சோவாவின் உப்பு கரைந்து பரவும். கடைசியில் ஆலிவ் அதன் எண்ணெய்ப் பசையால் இரண்டையும் சமன் செய்யும். அந்த வாயோடு ஒரு மிடறு வெர்மூத் அருந்தும்போதுதான் அதன் இனிப்பு எதற்காக இருக்கிறது என்பது புரிகிறது. தனியாகக் குடிக்கும்போது சற்றுத் திகட்டுவதாகத் தோன்றிய பானம், உப்புக்கும் புளிப்புக்கும் எதிரே நிற்கும்போது கச்சிதமாகிவிடுகிறது. மிளகாயின் காரத்தை நினைத்து அஞ்சவோ ஆசைப்படவோ வேண்டாம். கிபுஸ்கோவா மாநிலத்தின் இபார்ரா ஊருக்குப் பேர் வாங்கித்தந்த 'பிபார்ரா' என்ற அந்த மிளகாயை இளசாகவே பறித்து ஒயின் காடியில் ஊறவைக்கிறார்கள்; நம் நாக்குக்கு அது காரமே இல்லை. ஆஞ்சோவா நம் நெத்திலியின் குடும்பத்து மீன், ஆனால் அதைவிடப் பெரியது. இளவேனிலில் பிடித்து, தலையும் குடலும் நீக்கி, உப்போடு அடுக்கடுக்காகப் பல மாதங்கள் அழுத்திவைத்து, பிறகு கையாலேயே முள் நீக்கி எண்ணெயில் போடுவார்கள். இந்தத் தொழிலை அந்தக் கடற்கரையில் பெருக்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீன் தேடி வந்த சிசிலியர்கள். பெர்மெயோ, ஒண்டார்ரோவா, கெட்டாரியா போன்ற துறைமுகங்களில் தங்கி, அங்கேயே மணம் முடித்து, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். ஆக, இத்தாலியிலிருந்து வந்த பானம், இத்தாலியர் கற்றுத்தந்த முறையில் பதப்படுத்திய மீன், ஆண்டலூசிய வகை ஆலிவ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய் எல்லாம் ஒன்றுசேர்ந்துதான் பாஸ்க் நாட்டின் ஞாயிற்றுக்கிழமை ஆகின்றன.

அப்படியானால் இதில் பாஸ்க் நாட்டுக்கே உரியது எது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாட்ரிட்டில் பீப்பாய்க் குழாயிலிருந்து பிடித்துத் தரும் வெர்மூத்துக்குப் பெரிய மரபு உண்டு. பார்சலோனாவில் மேசையில் அமர்ந்து டப்பாவில் அடைத்த மட்டியும் உருளைக்கிழங்கு வறுவலுமாக வெர்மூத் அருந்துவார்கள். பாஸ்க் நாட்டின் வேறுபாடு 'குவாத்ரில்லா'வில் இருக்கிறது. பள்ளிப் பருவத்திலோ பதின்ம வயதிலோ சேர்ந்து, கல்யாணம் காட்சி, பிள்ளைகுட்டி என்று ஆன பிறகும் கலையாமல் நீடிக்கும் நண்பர் குழாத்துக்கு அந்தப் பெயர். குவாத்ரில்லா நின்றுகொண்டே குடிக்கும், ஒரு பாரில் ஒரு கோப்பைக்கு மேல் குடிக்காது, இருபது நிமிடத்தில் அடுத்த பாருக்கு நடக்கும். பணம் கொடுப்பதற்கு 'போத்தே' என்ற பொதுப்பை உண்டு. தொடக்கத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்தான் எல்லா இடத்திலும் கொடுப்பார். இதனால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சே எழுவதில்லை. நான்கைந்து பேருக்கு மேல் உள்ள எந்த நட்புக் கூட்டத்துக்கும் நான் மனமாரப் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது.

மாலையில் சிறு கோப்பை ஒயினோடு பார் பாராக நடக்கும் 'சிக்கித்தேயோ' வழக்கம் நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெர்மூத் அப்படியல்ல. அது ஆணும் பெண்ணும் குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து வரும் பொழுது. பார் என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் இருண்ட அறையை இங்கே மறந்துவிட வேண்டும். காலையில் காப்பியும் ரொட்டியும் தருவதும் அதே பார்தான். மது அருந்தாதவர்களுக்கு 'மொஸ்தோ' என்ற திராட்சைச் சாற்றை வெர்மூத்துக்குரிய அதே மரியாதையோடு, ஆரஞ்சுத் துண்டும் ஆலிவும் இட்டுக் கொடுப்பார்கள். விட்டோரியாவில் 1950களில் பிறந்த காஸ் நிறுவனத்தின் 'பிட்டர் காஸ்' என்ற சிவந்த கசப்புப் பானமும் உண்டு. அதில் ஆல்கஹால் இல்லை, ஆனால் வெர்மூத்தின் கசப்புக்கு உறவான கசப்பு உண்டு. நீங்கள் குடிக்காதவராக இருந்தால் தயங்காமல் அதைக் கேளுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று அங்கே யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காண விரும்பினால் பில்பாவோவின் பழைய நகரில் உள்ள பிளாசா நுவேவாவுக்கு ஒரு ஞாயிறு நண்பகலில் செல்லுங்கள். 1851இல் கட்டி முடித்த சதுக்கம் அது. நான்கு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்கள், அவற்றின் கீழே வரிசையாக பார்கள். காலையிலிருந்தே பழைய புத்தகங்களையும் நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் பரப்பி வைத்திருக்கும் சந்தை நடக்கும். பாஸ்க் மொழிக் கழகமான எவுஸ்கால்ட்சைந்தியாவின் தலைமையகமும் அந்தச் சதுக்கத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குமேல் தாத்தா பாட்டிகள் வருவார்கள், பிறகு தள்ளுவண்டிக் குழந்தைகளோடு இளம் பெற்றோர். ஒரு மணிக்குத் தாழ்வாரத்தில் நடக்க இடம் இருக்காது. பெரியவர்கள் கோப்பையைப் பீப்பாயின் மேலோ சன்னல் விளிம்பிலோ வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் நடுவில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். 'சிரிமிரி' என்ற அந்த ஊர்ச் சிறுதூறல் பெய்தாலும் கூட்டம் கலையாது, எல்லோரும் வளைவுகளுக்குக் கீழே இன்னும் நெருங்கி நின்றுகொள்வார்கள். பக்கத்தில் எங்கேனும் 'ராபாஸ்' என்ற கணவாய் வறுவல் மணக்கும். பில்பாவோக்காரர்களுக்கு ஞாயிறு வெர்மூத்தோடு அதுவும் வேண்டும்.

ஸ்பானிய எல்லைக்கு அப்பால், பிரெஞ்சு ஆட்சியில் உள்ள பாஸ்க் மாநிலங்களில் இந்தப் பொழுது இவ்வளவு நீளமாக இராது. அங்கே மதியச் சாப்பாடு பிரெஞ்சு வழக்கப்படி நண்பகலை ஒட்டியே தொடங்கிவிடுவதால், அதற்கு முன்னால் இரண்டு மணி நேர இடைவெளி கிடைப்பதில்லை. ஸ்பானியப் பகுதியிலும் ஒரு காலத்தில் இளைஞர்கள் வெர்மூத்தைத் தாத்தாக்களின் பானம் என்று ஒதுக்கி, பீரின் பக்கம் போனதுண்டு. 2010களில்தான் அது மீண்டும் எல்லா வயதினரின் கைக்கும் வந்தது. அந்தப் புது மோகத்தில் அலங்காரப் புட்டிகளும் பெரிய கோப்பைகளும் பெருகின. என் கருத்தில் பெரிய கோப்பை இந்த வழக்கத்துக்குப் பொருந்தாதது. பனிக்கட்டி கரைந்து கசப்பு நீர்த்துப்போகும், அடுத்த இடத்துக்குப் போகும் எண்ணமும் போய்விடும்.

நீங்கள் அங்கே செல்லும்போது இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். மேசைக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே முகப்பு மேடைக்குச் சென்று, பார்க்காரரின் கண்ணைப் பார்த்து, ஒரு மரியானித்தோவும் ஒரு ஹில்டாவும் கேளுங்கள். மேடையில் அடுக்கியிருக்கும் தீனிகளைப் பார்த்து வயிற்றை நிரப்பிவிடவும் வேண்டாம். வெர்மூத் பொழுதில் அவர்கள் தின்பது பசியை வளர்க்கும் அளவுக்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கும், ஞாயிறு என்றால் அது அநேகமாக 'அமாமா'வின், அதாவது பாட்டியின் வீடாக இருக்கும். இரண்டு மணி தாண்டியதும் பொதுப்பையில் மிஞ்சிய சில்லறையை எண்ணி அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். வழியில் இனிப்புக் கடையில் நின்று, காகிதத்தில் சுற்றி நாடாவால் கட்டிய பலகாரத் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டபடி மலைச்சரிவுத் தெருக்களில் ஏறத் தொடங்குகிறார்கள். இரண்டரை மணிக்குச் சதுக்கத்தில் பந்துச் சத்தம் நின்றிருக்கும்.